இறுக்கக் கூடாத கால்

ஆஸ்பத்திரியின் கட்டு அறையில் அவளுக்கு அது பத்தொன்பதாவது வருடம். உள்ளே இரண்டு உயர நாற்காலிகள், ஒரு கைகழுவும் தொட்டி, பாதி மட்டும் திறக்கும் ஜன்னல். வெளியே பெஞ்சில் கால்கள் வரிசையாகக் காத்திருக்கும். எல்லோருக்கும் அவள் கட்டு சிஸ்டர். முகங்கள் அவளுக்கு மறந்துபோகும். காலைப் பார்த்தால் ஆளைச் சொல்லிவிடுவாள்.

"ஊரான் காலையெல்லாம் மடியில தூக்கி வச்சுக்கற, என் முதுகுக்குத் தைலம் தேய்க்க ஆளில்ல" என்பார் கணவர்.

"முதுகுல புண்ணு வரட்டும், வந்து பார்க்கறேன்."

அதற்குமேல் பேச அவளுக்குத் தெம்பிருக்காது.

அந்த வருடம் அவளை அதிகம் படுத்தியது துணிக்கடைக்காரரின் கால். கடை அவருடையதல்ல. இருபத்தெட்டு வருடமாக அங்கே நின்றபடி சட்டைத் துணி விரித்துக் காட்டுகிறவர். இடது கணுக்காலுக்கு மேலே உள்ளங்கை அகலத்தில் புண். அதிலிருந்து நீர் வடிந்துகொண்டே இருந்தது. காலையில் கட்டினால் மதியத்துக்குள் ஊறிவிடும். பேன்ட்டில் கறை, அப்புறம் வாடை. வாடிக்கையாளர் ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டதும் மேலாளர் அவரைக் கிடங்குக்கு அனுப்பினார். இன்னொரு முறை நடந்தால் வீட்டுக்குத்தான் என்றும் சொல்லிவிட்டார்.

டாக்டர் பாதத்தில் விரல் வைத்து வெகுநேரம் துடிப்பைத் தேடினார். காலுக்கு இரத்தம் போகிற குழாயும் சரியில்லை, திரும்பி வருகிற குழாயும் சரியில்லை. 'இறுக்கிக் கட்ட வேண்டாம். ஸ்கேனுக்குப் பின் முடிவு' என்று சீட்டில் எழுதினார். ஸ்கேனுக்கு ஐந்து வாரம் தள்ளித் தேதி கொடுத்தார்கள்.

படுத்தால் பாதம் வலித்தது. அதனால் அவர் நாற்காலியில் உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டே தூங்கினார். தொங்கினால் வீங்கும், வீங்கினால் இன்னும் வடியும். அவளால் செய்ய முடிந்தது கொஞ்சம்தான். கழுவி, ஊறி வெளுத்த ஓரங்களில் களிம்பு தடவி, கனமான பஞ்சுப் பட்டை வைத்துத் தளர்வாகச் சுற்றுவாள். அந்தப் பட்டையும் ஒரு காலுக்கு வாரம் நான்குதான் தருவார்கள்.

"இவருக்கு ஒரு நாளைக்கே ரெண்டு வேணும்" என்று ஸ்டோரில் கேட்டாள்.

"எல்லாக் காலும் ஒண்ணுதான் சிஸ்டர்."

"அப்ப உங்க காலைக் குடுங்க, அதுல சுத்திப் பார்க்கறேன்."

ஐந்தாவது பட்டை வரவில்லை. துணிக்கடைக்காரரின் மனைவி பேரனின் நாப்கினை வெட்டிப் புண்மேல் வைத்தார். "அவனுக்கு நாப்கின் நின்ன நேரம், தாத்தாவுக்கு ஆரம்பிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டுத் தான் மட்டும் சிரித்தார்.

பெஞ்சில் பக்கத்து இடம் ஒரு வாட்ச்மேனுடையது. அவருக்கும் அதே இடத்தில், அதே அளவில் புண். ஆனால் அவர் பாதத்தில் துடிப்பு நன்றாக இருந்தது. இரத்தம் திரும்புவதில் மட்டும்தான் கோளாறு. அவருக்கு அவள் முன்பிருந்தே விரலடியிலிருந்து முழங்கால்வரை இறுக்கிக் கட்டிவந்தாள். இரண்டு மாதத்தில் புண் காய்ந்துவிட்டது.

"என்னோடது கோடைக் குளம் மாதிரி வத்திடுச்சு" என்று காலை நீட்டிக் காட்டுவார் வாட்ச்மேன்.

துணிக்கடைக்காரர் உள்ளே வந்ததும் கேட்டார். "அவருக்கு இறுக்கி, எனக்கு மட்டும் தொளதொளன்னு. ஏன் சிஸ்டர்?"

"டாக்டர் அப்படித்தான் எழுதியிருக்காரு."

"அந்த வாட்ச்மேன் உங்களுக்குச் சொந்தமா?"

வெளியே இன்னும் முப்பது பேர் இருந்தார்கள். ஒரு கிழவர் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"கூடாதுன்னா கூடாது சார். அடுத்த ஆள் வாங்க."

இது ஒரு வெள்ளிக்கிழமை. திங்களன்று அவர் சிரித்துக்கொண்டே வந்தார். பேன்ட்டில் கறையில்லை.

"ரெண்டு நாளா கவுன்டர்ல நிக்கறேன் சிஸ்டர். ஒரு சொட்டு இல்ல. பாருங்க."

பேன்ட்டை உயர்த்தினார். வாட்ச்மேன் துவைத்து மடித்துக் கொடுத்த பழைய எலாஸ்டிக் கட்டு. வாட்ச்மேன் சொன்னபடியே துணிக்கடைக்காரரின் மனைவி இழுத்துச் சுற்றியிருந்தார்.

"வலிக்கலையா?"

"சனிக்கிழமை உயிர் போச்சு. அப்புறம் மரத்துப்போச்சு."

அவள் கத்தரியால் வெட்டினாள். தோலில் கட்டின் வரிகள் பள்ளமாகப் பதிந்திருந்தன. பாதம் ஜில்லென்று இருந்தது. கடைசி இரண்டு விரல்கள் கருநீலம். அழுத்தி விட்டாள், நிறம் மாறவில்லை. யாரையும் கூப்பிடாமல் சக்கர நாற்காலியைத் தானே தள்ளிக்கொண்டு ஓடினாள். ஐந்து வாரம் தள்ளிப்போட்ட ஸ்கேன் நாற்பது நிமிடத்தில் கிடைத்தது.

அன்று மாலையே குழாயின் அடைப்பை நீக்கினார்கள். பாதம் தப்பியது. இரண்டு விரல்களை நான்காம் நாள் எடுத்தார்கள். கடையிலிருந்து யாரும் வரவில்லை. கவுன்டரில் அவர் இடத்தில் வேறு ஆள் நிற்பதாக வாட்ச்மேன்தான் வந்து சொன்னார்.

வார்டு நடைவழியில் மனைவி அவளை நிறுத்தினார்.

"நான் கட்டினதாலயா சிஸ்டர்?"

இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். பெஞ்சு காத்திருந்தது.

"ரத்தம் ஏற்கெனவே கொஞ்சமாத்தான் போய்ட்டிருந்தது. கட்டு அதையும் நெரிச்சிடுச்சு."

"இதை அன்னைக்கே சொல்லியிருந்தா நான் தொட்டிருக்கவே மாட்டேனே."

சொன்னேனே என்று வாயெடுத்தாள். எதைச் சொன்னோம் என்பது நினைவுக்கு வந்தது. பையிலிருந்து ஒரு கட்டுச்சுருளை எடுத்தாள். அந்த அம்மாவின் கையை வாங்கி, மணிக்கட்டில் இழுத்துச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். விரல்நுனிகள் சிவந்து, மெல்லக் கறுத்தன.

"அவருக்கு இதுதான் நடந்தது. வாட்ச்மேனுக்கு ரத்தம் போற குழாய் நல்ல குழாய், இந்த இறுக்கத்தைத் தாங்கும். இவருது தாங்காது."

"போதும், அவுத்துடுங்க."

அவிழ்த்தாள். அந்த அம்மா கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"இதுக்கு ரெண்டு நிமிஷம்கூட ஆகலையே சிஸ்டர்."