பாஷ்யம் எழுதாமல் விட்ட வரி

திருவள்ளூரை ஒட்டி, எஃகை உருக்கி வார்க்கும் ஒரு ஃபவுண்டரியில் பாஷ்யம் பரிசோதனைக்கூட உதவியாளர். கோயில் கைங்கர்யக் குடும்பத்திலிருந்து தொழிற்சாலைக்குப் போன முதல் ஆள். எஃகுத் துண்டைக் கண்ணாடி மாதிரித் தேய்த்து, அமிலம் தடவி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது அவர் வேலை. அதில் பார்த்தால் எஃகு ஒரே பாளமாக இருக்காது. மணி மணியாக ஒட்டிக்கொண்டிருக்கும்.

1973இல் பாரம் தூக்கும் கொக்கிகள் பன்னிரண்டு வார்த்தார்கள். சோதனைக்கென்றே கூடவே வார்த்த விரல் தடிமன் கம்பியை இழுத்துப் பார்த்ததில் நன்றாகவே தாங்கியது. பாஷ்யத்துக்கு மனம் ஒப்பவில்லை. மெல்லிய கம்பி சீக்கிரம் ஆறிவிடும். தடித்த கொக்கியின் உட்புறம் மெதுவாகத்தான் ஆறும். அதே வார்ப்பில் கோணலாகிக் கழித்துப்போட்ட ஒரு கொக்கியை அறுத்துப் பார்த்தார். மணிகளின் இடுக்கெல்லாம் ஊசிமுனை ஓட்டைகள். சில இடங்களில் அவை ஒன்று சேர்ந்து விரிசலாக ஓடின.

மேலாளர் வீரராகவனிடம் சொன்னார். விதி கேட்பது கம்பியின் பலத்தைத்தான், கொக்கியை யாரும் அறுக்கச் சொல்லவில்லை என்றார் அவர். பாஷ்யத்தின் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை என்பதையும் ஞாபகப்படுத்தினார். பாஷ்யம் அறிக்கையில் கம்பி தாங்கிய பாரத்தை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஒரு கொக்கியை அந்த ஃபவுண்டரியிலேயே மாட்டினார்கள்; மற்றவற்றை வெளியூர்களுக்கு விற்றார்கள். நாலாம் மாதம் காலை ஷிஃப்டில் அது முறிந்தது. தொங்கிய மணல் அச்சுப்பெட்டி விழுந்து தானியேல் என்ற தொழிலாளி அங்கேயே செத்தார். அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றியது அவர் தப்பு என்று நிர்வாகத்தார் எழுதிவிட்டார்கள்.

எட்டாம் நாள் வேப்பம்பட்டுக்குப் போய், தானியேலின் மனைவி சாராளிடம் பாஷ்யம் எல்லாவற்றையும் சொன்னார்.

“எங்கையில சொல்லி இன்னா சார் ஆவப்போவுது? செத்தவரு மேல பழி போட்டுக்கினு கீறானுங்க. அங்க போய்ச் சொல்லு.”

போனார். விபத்தை விசாரித்த அரசு அதிகாரி, பாஷ்யம் கையெழுத்துப் போட்ட அறிக்கையையே எடுத்து நீட்டினார். அறுத்த கொக்கி எப்போதோ உலைக்குள் போயிருந்தது.

“அப்ப எழுதினது பொய்யா, இப்ப சொல்றது பொய்யா?”

“ரெண்டும் பொய்யில்லை. கம்பி தாங்கித்து. கொக்கியைப் பத்தி நான் எழுதலை.”

அதிகாரி பேனாவை மூடிவிட்டார்.

அந்த வாரமே பாஷ்யத்தின் வேலை போயிற்று. மற்ற கொக்கிகள் எந்த ஊருக்குப் போயின என்று யாரும் சொல்லவில்லை. தெரிந்த ஆலைகளுக்கெல்லாம் கடிதம் எழுதினார். ஒன்றுக்கும் பதில் இல்லை.

வேறு வழியில்லாமல் சாராள் அதே ஃபவுண்டரியில் மணல் சலிக்கப் போனார். ஒரு நாள் ரயிலில் எதிரே பாஷ்யம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, வேறு பெட்டியில் ஏறிக்கொண்டார்.