பாஸாவ் படித்துறையில் என் நீலச் சட்டை

எனக்கு முன்கோபம் உண்டு. ஆனால் பாஸாவ் ரயில் நிலையத்தில் இறங்கிய அந்தக் காலையில் யாராவது என்னை அடித்திருந்தால்கூடச் சிரித்திருப்பேன். ஜெர்மனிக்குப் படிக்க வந்து ஒன்றரை வருஷத்தில் ஊர் சுற்றவென்று கிளம்பிய முதல் நாள் அது. அதுவும் மூன்று ஆறுகள் சேரும் நகரம். என் சொந்த ஊர் முக்கூடல். நான் வராமல் வேறு யார் வருவது?

கூட வந்தவர்கள் இரண்டு பேர். என் அறைத்தோழன் பாபநாசத்துக்காரன். இன்னொருத்தி பாளையங்கோட்டை வாத்தியார் வீட்டுப் பெண். எங்கள் மூவரில் ஜெர்மன் மொழியை ஒழுங்காகப் பேசுகிறவள் அவள்தான்.

வியாழக்கிழமை எனக்குப் பரீட்சை. அந்தப் பாடத்தில் ஏற்கெனவே இரண்டு முறை தோற்றிருந்தேன். மூன்றாவதும் போனால் படிப்பு போச்சு, விசாவும் போச்சு, பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அம்மாவிடம் முதல் தடவையே பாஸ் என்று புளுகியிருந்தேன். அவள் அதைத் தெரு முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள்.

"ஏலே, ரெண்டு தடவையும் இந்த நீலச் சட்டையத்தான போட்டுட்டுப் போன?" என்றான் பாபநாசத்துக்காரன். "மூணு ஆறு சேருத எடம். இங்கன குளிச்சிட்டு, உடுத்துனத விட்டுட்டுத் திரும்பிப் பாக்காம வந்துரு. பிடிச்ச பீடை அதோட ஒழியட்டும்."

அவன் ஊரில் அதுதான் வழக்கம். குளித்து எழுந்து, போட்டிருந்த துணியை ஆற்றோடு விட்டுவிட்டு வருவார்கள். பாளையங்கோட்டைக்காரிக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"படிச்சா பாஸாவான். அதுக்கு ஆறு என்ன செய்யும்? உங்க ஊருல தண்ணிக்குள்ள பூரா துணியாக் கெடக்கது போதாதா? தண்ணியில போட்டீங்கன்னா நானே போலீசக் கூப்பிடுவேன்" என்றவள், என் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் இறங்கி வந்தாள். "வேணும்னா கரையில மடிச்சு வை. தேவப்பட்டவங்க எடுத்துக்கிடட்டும்."

நகரம் கூராக முடிகிற முனையில் கல் படிகள் தண்ணீருக்குள் இறங்கின. ஆற்றின் இழுப்பைப் பார்த்ததும் முங்குகிற ஆசை போய்விட்டது. கடைசிப் படியில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலால் மொண்டு மொண்டு தலையில் ஊற்றினேன். மே மாதம்தான், ஆனாலும் பல் கிட்டித்துவிட்டது. துண்டைச் சுற்றிக்கொண்டு, பையில் கொண்டுவந்திருந்த மாற்று உடையையும் ஷூவையும் போட்டுக்கொண்டேன். சட்டை, பேன்ட், இரண்டையும் மடித்து வைத்து, மேலே ஒரு கல். பக்கத்தில் பழைய செருப்பு ஜோடியாக. திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். சத்தியமாக உடம்பு லேசாக இருந்தது.

எதிர்க்கரைக் குன்றின் மேல் ஒரு பழைய கோட்டை. படியேறி அங்கே போய்க் கீழே பார்த்தால், அடடா! ஒரு ஆறு கறுப்பு, ஒன்று நீலம், ஒன்று சாம்பல் கலந்த பச்சை. சேர்ந்த பிறகும் வெகுதூரம் கலக்காமல் பக்கத்தில் பக்கத்தில் ஓடின. கட்டிக்கொண்டு வந்திருந்த எலுமிச்சைச் சாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிட மறந்து நின்றேன்.

அப்போதுதான் ஹெலிகாப்டர் வந்தது. பின்னாலேயே இரண்டு மீட்புப் படகுகள். எங்களுக்கு ஒரே குஷி. சினிமா எடுக்கிறார்கள் என்று முடிவு செய்து வீடியோ எடுத்தோம். பாபநாசத்துக்காரன் செல்போனில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தவன் குரலைத் தாழ்த்தினான்.

"லே, அந்தப் படியில ஒரு அம்மா கையில வச்சிருக்கது உன் சட்டைலே."

கரையில் துணியும் செருப்பும் இருக்கிறது, ஆளைக் காணோம். பார்த்தவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்? பாளையங்கோட்டைக்காரி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "நான்தான மடிச்சு வைக்கச் சொன்னேன்" என்றாள்.

"பைய நழுவிருவோம்" என்றான் அவன். "போலீஸ், கேசுன்னு ஆச்சுன்னா வியாழக்கிழமைப் பரீட்சையே எழுத முடியாது பாத்துக்க."

பொய் சொல்லக் கூடாது, எனக்கும் அந்த ஆசை வந்தது. அதற்குள் படகிலிருந்து ஒருவர் தண்ணீரில் குதித்தார். அந்தக் குளிர் எனக்குத் தெரியும். "என்னத் தேடித்தாம்லே அந்த ஆளு முங்குதாரு" என்று கத்திவிட்டு இறங்கி ஓடினேன்.

படியில் அம்மா வயதுள்ள ஒரு பெண் என் சட்டையை மடியில் வைத்திருந்தாள். தகவல் சொன்னது அவள்தான். ஒரு மணி நேரமாக அங்கேயே உட்கார்ந்திருக்கிறாள். "இது என் சட்டை" என்றேன். ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தவள் விடவே இல்லை.

பாளையங்கோட்டைக்காரி போலீஸ்காரரிடம் பாபநாசத்து வழக்கத்தை ஜெர்மன் மொழியில் விளக்கினாள். அவர் கண்ணை மூடித் திறந்தார். வயர்லெஸ்ஸில் பேசினார், ஹெலிகாப்டர் திரும்பியது. பிறகு என்னைக் காய்ச்சி எடுத்துவிட்டுப் பெயரை எழுதிக்கொண்டார். கேசெல்லாம் இல்லை.

ஏன் அப்படி வைத்தாய் என்று அந்தப் பெண் கேட்டாள். இரண்டு முறை தோற்றதை எனக்குத் தெரிந்த ஜெர்மன் மொழியில் சொன்னேன்.

"உன் அம்மாவுக்குத் தெரியுமா?"

தலையாட்டினேன், இல்லையென்று. சட்டையை என் கையில் வைத்து, "முதலில் அதைச் சொல்" என்றாள்.

திரும்பும் ரயிலில் அம்மாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். புளுகியதையும் சொன்னேன். திட்டு விழப்போகிறதென்று போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன்.

"அந்தக் குளிருலயா தலையில ஊத்துன? ஒழுங்காத் தொவட்டுனியாலே?" என்றாள். அப்புறம், "தெருக்காரங்ககிட்ட நான் சொல்லிக்கிடுதேன். நீ போய்ப் படி" என்றாள்.

வியாழக்கிழமை அதே நீலச் சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு போய் எழுதினேன். முடிவு வந்ததும் முதல் ஆளாக அம்மாவைக் கூப்பிட்டு, பாஸ் என்றேன். அவள் நம்பவில்லை. மார்க் போட்ட தாளைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னாள்.