அப்பா எனக்குச் சமைத்துப் போட்ட நாட்கள்

எழுபதுகளின் தொடக்கம் அது. எனக்குப் பதினான்கு வயது. பாலக்கோட்டிலிருந்து மாரண்டஹள்ளி போகிற பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி, ஏரிக்கரையோடு நடந்தால் எங்கள் ஊர் வரும். கடலையும் கேழ்வரகும் விளைவிக்கிற குடும்பம். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போவோம், மற்ற நாளெல்லாம் கடலைக் காட்டில் வேலை. அப்பா அதிகம் பேச மாட்டார். எங்களை அடித்ததும் இல்லை, மடியில் வைத்துக் கொஞ்சியதும் இல்லை. அவருக்கு ஏதாவது வேண்டுமென்றால் அம்மாவிடம் சொல்வார், அம்மா எங்களிடம் சொல்வாள். அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் அப்பாக்கள் அப்படித்தான்.

அந்த வருடம் தை மாதத்தில் என் அக்கா கல்யாணமாகி ஓசூர்ப் பக்கம் போனாள். அதற்குப் பிறகுதான் எனக்கு என்னவோ ஆயிற்று. முதலில் தூக்கம் போயிற்று. பிறகு பசி போயிற்று. காலையில் கண் விழித்ததுமே நெஞ்சின் மேல் ஒரு மூட்டையை இறக்கி வைத்ததுபோல் இருக்கும். பள்ளிக்கூடத்தில் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு இருப்பேன், ஒரு எழுத்தும் உள்ளே போகாது. கொஞ்ச நாளில் பள்ளிக்கூடம் போவதையும் நிறுத்திவிட்டேன். வயிறு வலிக்கிறது என்று சொல்வேன். பொய் இல்லை, நிஜமாகவே வலிக்கும்.

அக்காவை நினைத்து ஏங்குகிறேன் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். ஆனால் அக்கா ஒரு வாரம் வந்து தங்கினாள். என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். எனக்கு எதுவுமே தோன்றவில்லை. சந்தோஷமும் இல்லை, அழுகையும் இல்லை. யாருக்காக ஏங்குவதாக நினைத்தேனோ அவளே வந்தும் மனசு அசையாமல் கிடந்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது.

வீட்டிலும் சும்மா இருக்கவில்லை. பூச்சி மருந்து கொடுத்தார்கள். மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். மாதா கோயில் சாமியார் வந்து தலையில் கை வைத்து ஜெபம் செய்தார். எதற்கும் நான் தேறவில்லை என்றதும் பேச்சு மாறியது. "வேலைக்கு மடி. நாலு போடு போட்டா எந்திரிச்சு நடப்பா" என்றார் சித்தப்பா. அம்மாவுக்குக் கைக்குழந்தை வேறு. அலுத்துப்போய் அவளும் தலையாட்டினாள்.

மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த அப்பா திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: "தீனி எடுக்காத மாட்ட அடிச்சா தீனி எடுத்துக்குமா? அதுக்கு என்னான்னு பாக்கோணும்."

அவ்வளவுதான் சொன்னார். ஆனால் அன்றிலிருந்து அப்பா என்னைக் கவனிக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. சாப்பிட்டேனா என்று என் தட்டைப் பார்ப்பார். காட்டிலிருந்து வந்ததும் நான் எங்கே இருக்கிறேன் என்று கண்ணாலேயே தேடுவார்.

ஒரு நாள் மத்தியானம் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அப்பா சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ எழுந்தார். தண்ணீர் ஊற்ற நான் சொம்பை எடுத்தேன், பாதிக்கு மேல் தூக்க முடியவில்லை. என்னையும் அறியாமல் வாயிலிருந்து வந்தது: "நான் இல்லாமயே போயிட்டா எல்லாருக்கும் தேவலப்பா."

அப்பா திட்டவில்லை. ஏன் அப்படிச் சொல்கிறாய் என்றும் கேட்கவில்லை. என் கையிலிருந்த சொம்பை வாங்கிக் கீழே வைத்தார். ஈரக் கையைத் துடைக்காமலே, "சட்டைய மாத்திக்கிட்டு வா" என்றார். அந்த வெயிலில் என்னை நடத்தி, பக்கத்து ஊரில் கன்னியாஸ்திரிகள் நடத்திய மருந்தகத்துக்குக் கூட்டிப்போனார்.

அங்கே ஒரு சிஸ்டர் இருந்தார். மங்களூர்ப் பக்கத்துக்காரர், தமிழில் கன்னட வாடை வீசும். அப்பாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் கேட்டார்: "காலையில எந்திரிச்ச உடனே மனசு எப்படி இருக்கும், கண்ணு? சாயங்காலம் ஆனா கொஞ்சம் பரவால்லையா?"

ஆமாம், காலையில்தான் ரொம்ப மோசம் என்றேன். வயிறு எங்கே வலிக்கிறது என்று கேட்டவர்கள் எத்தனையோ பேர். மனசு எப்படி இருக்கிறது என்று கேட்டவர் அவர் ஒருவர்தான். செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா என்று அவர் நேராகவே கேட்டார். நானும் நேராகவே பதில் சொன்னேன். சொன்னதும் எனக்கு மூச்சு கொஞ்சம் லேசாக வந்தது.

பிறகு அப்பாவை உள்ளே கூப்பிட்டார். "இது பேயும் இல்ல, சோம்பலும் இல்ல. காய்ச்சல் மாதிரி இதுவும் ஒரு வியாதி. சின்னப் பிள்ளைங்களுக்கும் வரும். வைத்தியம் இருக்கு, ஆனா தள்ளிப்போடக் கூடாது. அதுவரைக்கும் இவளத் தனியா விடாதீங்க" என்றார். வேலூர்ப் பக்கம் மனசு வைத்தியத்துக்கென்றே ஒரு ஆஸ்பத்திரி இருப்பதாகவும், நோயாளியோடு வீட்டு ஆள் ஒருவர் தங்கியே ஆகவேண்டும் என்றும் சொன்னார்.

வீட்டில் பெரிய சண்டை. "பொட்டப்புள்ளயப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனா நாளைக்கு எவன் கட்டுவான்?" என்று அம்மா அழுதாள். அவள் பயத்திலும் நியாயம் இருந்தது. அப்பா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "கட்டிக் குடுக்கப் புள்ள இருக்கோணும் இல்ல" என்றார். அம்மாவே எழுந்து போய்க் கேழ்வரகு மாவும் புளியும் மிளகாயும் மூட்டை கட்டினாள். கடலை பிடுங்குகிற சமயம். காட்டைச் சித்தப்பாவிடம் ஒப்படைத்துவிட்டு அப்பா என்னோடு கிளம்பினார்.

கிருஷ்ணகிரியில் பஸ் மாறினோம். பக்கத்தில் உட்கார்ந்த ஒரு அம்மா, எங்கே போகிறீர்கள் என்று விசாரித்தாள். வயிற்று வைத்தியத்துக்கு என்று அப்பா சொல்லுவார் என்று நினைத்தேன். "பாப்பாவுக்கு மனசுல சொகமில்லீங்க. வைத்தியம் பாக்கப் போறோம்" என்றார், கால் வலி என்பதுபோல. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்த அம்மா மடியிலிருந்த கூடையைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, "படுத்துக்க கண்ணு, இன்னும் ரொம்ப தூரம் இருக்கு" என்று இடம் விட்டாள்.

அந்த ஆஸ்பத்திரி நான் பயந்ததுபோல் இல்லை. வேப்பமரங்களுக்கு நடுவே வரிசையாக அறைகள். ஒவ்வொரு அறைக்கும் பின்னால் ஓர் அடுப்படி. ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம், தெலுங்கும் மலையாளமுமாகப் பேச்சுச் சத்தம்.

எங்கள் டாக்டருக்குத் தலை நரைத்திருந்தது. முதல் நாள் அப்பாவிடம், மகளிடம் எப்போது மாற்றம் தெரிந்தது என்று கேட்டார். அப்பா துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார்.

"காட்டுக்குச் சோறு கொண்டாரும்போது பாடிக்கிட்டே வருமுங்க. வரப்புல தல தெரியறதுக்கு மின்னாடியே பாட்டுக் கேட்டுரும். நான் ஏர நிறுத்திட்டு நிப்பேன். அப்புறம் பாட்டு நின்னு போச்சுங்க. எப்ப வருது, எப்ப போவுதுன்னே தெரியறதில்ல."

நான் பாடுவதை அப்பா கேட்டிருக்கிறார் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

மாத்திரை கொடுத்தார்கள். வாய் உலர்ந்து போகும், பகலெல்லாம் கிறக்கமாக இருக்கும். உடனே கேட்காது, பொறுமையாக இருங்கள் என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். தினமும் என்னைத் தனியாக உட்காரவைத்துப் பேசுவார். "உன் மேல எந்தத் தப்பும் இல்லை" என்று திரும்பத் திரும்பச் சொல்லுவார். எனக்கு ஏன் இப்படி வந்தது என்று கேட்டேன். அக்கா பிரிந்து போனதும் ஒரு காரணமாக இருக்கலாம், காரணமே இல்லாமலும் வரலாம், காரணம் தெரிந்தால்தான் குணமாகும் என்பதில்லை என்றார்.

அதுவரை அடுப்புப் பற்றவைத்தே அறியாத அப்பா, எனக்குச் சமைத்தார். களியைக் கட்டி கட்டியாகக் கிண்டுவார். குழம்பு சில நாள் தண்ணீர், சில நாள் கரி. இரண்டு வாய் சாப்பிட்டுத் தள்ளிவிடுவேன். வற்புறுத்தக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் தட்டை எடுத்துக்கொண்டு போவார்.

பல மாதம் சீப்புப் படாமல் என் தலை சிக்குப் பிடித்துக் கிடந்தது. ஒரு காலை அப்பா, பக்கத்து அறை நெல்லூர்க்கார அம்மாவிடம் போய்ச் சடை பின்னக் கற்றுக்கொண்டு வந்தார். அப்பாவுக்குத் தெலுங்கு அரைகுறை, அந்த அம்மாவுக்குத் தமிழ் கிடையாது. வேப்பமரத்தடியில் என்னை உட்காரவைத்து, எண்ணெய் தடவி, சிக்கை ஒவ்வொரு இழையாகப் பிரித்தார். ஏர் பிடித்துக் காய்த்துப்போன விரல்கள் முடியில் சிக்கிச் சிக்கி வரும். "வலிக்குதா பாப்பா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சடை கோணலாக வந்தது. அவிழ்த்து மறுபடி பின்னினார். மறுபடியும் கோணல்தான்.

மாத்திரை தொடங்கிச் சில வாரங்கள் இருக்கும். மத்தியானம் தட்டில் களி வைத்தார். ஒரு உருண்டை தின்றேன், இன்னொன்றும் தின்றேன். பிறகு, "உப்புப் பத்தலப்பா" என்றேன்.

யாரும் கேட்காமல் நானாகப் பேசி எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அப்பா கரண்டியை அப்படியே வைத்துவிட்டு வெளியே போனார். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார். "நாளைக்குச் சேத்துப் போடறேன்" என்றார்.

அதன்பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினேன். ஒரே ஏற்றமாக இல்லை. இரண்டு நாள் நன்றாக இருக்கும், மூன்றாம் நாள் பழையபடி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வேன். சாயங்காலம் அப்பாவும் நானும் ஆஸ்பத்திரி வாசல் கேட்டு வரைக்கும் நடப்போம். அந்த நடையில் அப்பா பேசினார். சின்ன வயதில் ஒகேனக்கல் பரிசலில் ஏறிவிட்டு, பயத்தில் கண்ணை மூடிக்கொண்டே அக்கரை போனதைச் சொன்னார். பட்டாளத்தில் சேர ஆசைப்பட்டு, சொல்லாமல் சேலம் வரைக்கும் போய்விட்டு, பசி தாங்காமல் திரும்பி வந்ததைச் சொன்னார். நான் சிரித்தேன். அப்பாவும் சிரித்தார். அவருக்கு முன்பல் ஒன்று பாதி உடைந்திருப்பதை அன்றுதான் பார்த்தேன்.

குணமாகி ஊர் திரும்பினோம். பஸ்ஸைவிட்டு இறங்கி ஏரிக்கரையில் நடக்கத் தொடங்கியதுமே அப்பா மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் போக ஆரம்பித்தார். பேச்சு நின்றுவிட்டது. வீட்டில் அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அப்பா நேராகக் காட்டைப் பார்க்கப் போய்விட்டார். மறுநாள் முதல் பழைய அப்பாதான். "பாப்பா மாத்தர போட்டுதா?" என்று எனக்குக் கேட்கிற மாதிரி அம்மாவிடம் கேட்பார்.

வெளியே சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. சில நாள், தலையை வாராமல் விரித்துப் போட்டுக்கொண்டு அப்பா வருகிற வழியில் உட்கார்ந்திருப்பேன். அவர் பார்ப்பார், ஒரு நிமிடம் தயங்குவார், பிறகு உள்ளே போய் அம்மாவை அனுப்புவார். ஒருமுறை, அந்த வியாதி திரும்பி வந்தால்கூடப் பரவாயில்லை என்று நினைத்துவிட்டு, நினைத்ததற்காக நானே நடுங்கியிருக்கிறேன்.

பள்ளிக்கூடம் முடித்தேன். பெண் பார்க்க வந்தவர்களிடம் அப்பா ஒளிக்காமல் சொன்னார். ஒரு இடம் தட்டிப்போனது. அடுத்து வந்தவர்தான் என் கணவர். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு அந்த மூட்டை மறுபடி நெஞ்சில் இறங்கியது. இந்த முறை எனக்கே அடையாளம் தெரிந்தது. "இது எனக்குத் தெரிஞ்ச வியாதிங்க, வைத்தியம் பாத்தா சரியாயிடும்" என்று கணவரிடம் சொன்னேன். உடனே கூட்டிப்போனார், அன்பாகப் பார்த்துக்கொண்டார். அப்போது அப்பா காலமாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்துகொண்டு, வாசலில் காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம், அவர் இல்லை என்று தெரிந்தும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

நான் இப்போது அப்பா வாழ்ந்த வயதையும் தாண்டிவிட்டேன். என் வாழ்க்கையிலேயே இருட்டான வருடம் எது என்று யாராவது கேட்டால் அந்த வருடத்தைத்தான் சொல்லுவேன்; எந்த நாளுக்குத் திரும்பிப் போக ஆசை என்று கேட்டாலும், அதே வருடத்தின் ஒரு நாளைத்தான் சொல்லுவேன்.