பெயிண்டரின் இடது புருவம்

வண்டிக்குப் பெயிண்ட் அடிப்பதில் அந்த ஒர்க்‌ஷாப்பில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஆனால் ஒரு கோட் அடித்துவிட்டு அது காயக் காத்திருக்கும் பதினைந்து நிமிடம் இருக்கிறதே, அதுதான் மனிதருக்கு எமன். கை உச்சந்தலைக்குப் போகும். சொரசொரப்பான முடி ஒன்றைத் தேடிப் பிடித்து வெடுக்கென்று பிடுங்கும். அது பறந்துபோய் ஈரப் பெயிண்டில் சம்மணம் போட்டு உட்காரும்.

மூன்றாவது காரிலும் முடி ஒட்டியதும் முதலாளி கத்தினார். "இன்னொரு முடி பார்த்தேன், ஸ்பிரே கன்னைப் பிடுங்கிட்டு வண்டி கழுவ அனுப்பிடுவேன்!"

இருபது வருஷமாகப் பிடித்த கன். அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

நம்ம ஆள் கண்டுபிடித்த வைத்தியம் என்ன தெரியுமா? மொட்டை! "இனி எதைப் பிடுங்குவேன்?" என்று மனைவியிடம் சவால் விட்டார். இரண்டே நாளில் கை புருவத்துக்குக் குடிபெயர்ந்தது. அந்த வாரமே இடது புருவம் காலி. தினமும் காலையில் மனைவிதான் தன் மைப்பென்சிலால் வரைந்துவிடுவாள். கோபமிருந்தால் கொஞ்சம் தூக்கி வரைவாள். அன்று முழுக்க அவர் எல்லாரையும் சந்தேகப்படுகிற மாதிரியே இருக்கும்.

பென்சில் பாதியானதும் அவளே டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனாள். "சொன்னா கேக்கவே மாட்டேங்கிறாரு டாக்டர். திமிரு!"

"திமிரில்லம்மா, இது ஒரு கோளாறு. நிறைய பேருக்கு இருக்கு. திட்டினா இன்னும் அதிகமாத்தான் ஆகும்." பிறகு அவரிடம் திரும்பினார். "கை எப்பெப்போ போகுதுன்னு எழுதி வைங்க. போகணும்னு தோணினா ஒரு நிமிஷம் முஷ்டியை இறுக்குங்க. அப்புறம் கைக்கு வேற வேலை குடுங்க."

எழுதிப் பார்த்தால் எல்லாமே காத்திருக்கும் நேரம்தான். முதலாளியிடமும் விஷயத்தைச் சொல்லிவிட்டு, கோட் காயும்போதெல்லாம் ஒரு பழைய தகரத்தை உப்புத்தாளால் தேய்க்க ஆரம்பித்தார். வீட்டிலோ, "கையை எடுங்க" என்று நூறு தடவை சொல்லிப் பழகிய மனைவி வாயைக் கட்டிக்கொண்டு தவித்தாள். அந்த வைத்தியம்தான் இன்னும் கஷ்டம்.

இருபத்து மூன்று நாள் ஒரு முடிகூட உதிரவில்லை. மறுநாள் அவசர வேலை, வண்டிக்காரர் பக்கத்திலேயே நின்று நச்சரித்தார். தகரம் மறந்துபோனது. பெயிண்ட் காய்ந்தபின் பார்த்தால் கறுப்புப் பானட்டில் குட்டியாக ஒரு புருவ முடி. வேறு யாரும் பார்க்கவில்லை. முன்பென்றால் பாலிஷ் போட்டு மழுப்பியிருப்பார். இப்போது வாசலில் நின்ற முதலாளியிடம் நேரே போனார்.

"அண்ணே, பானட்டுல முடி. என்னோடதுதான்."

"எத்தனை நாளைக்கு அப்புறம்?"

"இருபத்தி மூணு நாள்ண்ணே."

முதலாளி தன் விரலிடுக்கில் புகையும் சிகரெட்டைப் பார்த்தார். "நான் இதை விட்டு மூணு நாள் தாண்டினதில்லய்யா. போ, தேச்சுட்டு மறுபடி அடி. கன் உன்கிட்டயே இருக்கட்டும்."

மனிதருக்கு அழுகை வந்துவிட்டது. புறங்கையால் கண்ணை அழுத்தித் துடைத்தார். வரைந்த பாதிப் புருவம் கன்னம்வரை இழுபட்டது. முளைத்த பாதி அப்படியே இருந்தது.