ஏலத்துக்கு வந்த கஞ்சில்

வனாந்தரத்தைப் பற்றிப் பிரசங்கம் வந்தாலே எங்கள் தோட்டத்து ஜனங்களுக்கு ஈயச் சுரங்கத்து, அதாவது லம்பத்து, மணல்மேடுதான் கண்முன் வந்து நிற்கும். ஈப்போவிலிருந்து பஸ்ஸில் வரும்போது ரோட்டுக்கு இரண்டு பக்கமும் வெள்ளை வெளேரென்று கிடக்குமே, ஈயம் அலசிக் கொட்டிய மணல், அதுதான். "அந்த மணல்லயா வேதத்துல வர்ற ஜனங்க பிள்ளைகுட்டியோட நாற்பது வருசம் அலைஞ்சாங்க? நெழலே இருந்திருக்காதேம்மா" என்று ஒரு அக்கா கோயில் முடிந்து என்னிடம் உண்மையாகவே வருத்தப்பட்டார். காட்டுமிருகம் என்றால் மட்டும் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. அதுகள் வேலிக்கு அந்தப் பக்கம்தான் இருந்தன.

என் வீட்டுக்காரர் அந்தத் தோட்டத்து ஜெபவீட்டில் உபதேசியார். பரம சாது. யார் என்ன சொன்னாலும் "பார்ப்போம், ஜெபிப்போம்" என்பார். நான் அப்படி இல்லை. மனசில் பட்டது வாயில் வந்துவிடும். "உபதேசியாரம்மா வாயில விழாதே" என்று பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டது எனக்கும் தெரியும். தெரிந்தால் என்ன, நான் மாறவா போகிறேன்?

எழுபதுகளின் கடைசி அது. ரப்பர் பால்மரங்களைச் சாய்த்துவிட்டு எண்ணெய்க்கான செம்பனை நட்டுக்கொண்டிருந்தார்கள். நிழல் போனதும் காட்டில் இருந்ததெல்லாம் எங்கள் பக்கம் வர ஆரம்பித்தது. பன்றி வந்து இளங்குருத்தைத் தின்னும். மலைப்பாம்பு கோழிக்கூண்டில் சுருண்டு கிடக்கும். அந்த வருஷம் பார்த்து எங்கள் கோயில் பொருளாளர் ஐயா வேதபாட வகுப்பில் மிருகங்களைப் பற்றிப் பாடம் எடுத்தார். ரயில்வேயில் பெரிய கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். யாழ்ப்பாணத்துக் குடும்பம், ஈப்போவில் வீடு. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பழைய காரை ஓட்டிக்கொண்டு வந்துவிடுவார். வெள்ளைக் கால்சட்டையில் ஒரு மடிப்புக் கலையாது.

அவர் பாடம் எனக்குப் பிடிக்கும். மலையில் வரையாடு எப்போது குட்டி போடும் என்று மனுஷனுக்குத் தெரியாது, கர்த்தருக்குத் தெரியும் என்பார். காட்டுக்கழுதை ஊர்ச் சத்தத்தைக் கேட்டுச் சிரிக்குமாம், எவனுக்கும் பாரம் சுமக்காதாம். சிங்கக்குட்டி பசித்துக் கத்தினால் அதற்கும் அவரே இரை கொடுக்கிறாராம். மனுஷனுக்கு ஒரு காசுக்கு உபயோகமில்லாத பிராணிகளை ஆண்டவர் இவ்வளவு ஆசையாகப் பார்த்துக்கொள்கிறாரே என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும். ஒருநாள் செம்பனைக் குலை வெட்டுகிற ஒருவர் எழுந்து, "அப்ப நம்ம குருத்தைத் திங்கிற பன்னியும் அவரோடதுதானா ஐயா?" என்று கேட்டார். ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பண்டியும் அவற்றைதான். ஆனால் குருத்தைத் தின்னச் சொல்லி அவர்தான் அனுப்பினவர் எண்டு நான் சொல்லேல்லை" என்றார். கோயிலே சிரித்தது.

அந்தக் கேள்வி கேட்டவரை நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். நல்ல உழைப்பாளி. அவருடைய சம்சாரம், எனக்கு அண்ணி, பல வருஷமாகத் தஞ்சோங் ரம்புத்தான் மனநோய் ஆஸ்பத்திரியில் இருந்தார். பிறந்த பிள்ளை தங்கவில்லை. அதற்குப் பிறகு சிரிப்பு போச்சு, பேச்சு போச்சு, யாரையும் அடையாளம் தெரியாமல் போச்சு. அண்ணன் மாதாமாதம் பஸ் மாறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். வேறொருத்தியைக் கட்டிக்கொள் என்று சொன்னவர்களோடு பேச்சையே நிறுத்திவிட்டார்.

அந்த வருஷம்தான் டாக்டர், "கொஞ்ச நாள் வீட்டில் வைத்துப் பாருங்கள். பிறகு அழைத்து வாருங்கள், வீட்டிலேயே இருக்கலாமா இல்லை இங்கே திரும்ப வேண்டுமா என்று முடிவு பண்ணலாம்" என்று அண்ணியை அனுப்பிவைத்தார். அண்ணி வந்தார். சமைத்ததைச் சாப்பிட்டார், குளித்தார், துணி மடித்தார். பேச்சு மட்டும் ஒன்றிரண்டு வார்த்தைதான்.

எங்கள் பக்கம் யாராவது கோணலாகப் பேசினால், "என்ன, தஞ்சோங் ரம்புத்தானுக்கு பஸ் ஏத்திவிடணுமா லா?" என்று கிண்டல் பண்ணுவது வழக்கம். அண்ணி வந்த பிறகு எங்கள் லயத்து வீடுகளில் ஒருத்தரும் அதைச் சொல்லவில்லை. அந்த மட்டுக்கும் நல்ல ஜனங்கள். ஆனால் கோயிலில் அண்ணி உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. பிள்ளைகளைக் கையைப் பிடித்து இழுத்துத் தள்ளி வைத்துக்கொண்டார்கள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். அண்ணி என்னைப் பார்க்கவும் மாட்டார், நகரவும் மாட்டார்.

அறுப்பின் பண்டிகை வந்தது. எங்கள் கோயிலில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. கடையில் வாங்கிய சாமான் காணிக்கையாக வரக்கூடாது. சொந்தக் கையால் வளர்த்தது, விளைந்தது எதுவானாலும் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் வைக்கவேண்டும். பூசணி, வாழைத்தார், மரவள்ளி, சேவல், வாத்து எல்லாம் வரும். ஆராதனை முடிந்ததும் ஏலம். வாத்து பாதிப் பிரசங்கத்தில் கத்தும், என் வீட்டுக்காரர் அதையும் பொறுத்துக்கொள்வார்.

அன்றைக்கு அண்ணன் கடைசியாக வந்தார். கையில் ஒரு மூங்கில் கூடை, மேலே உரச்சாக்கு. பீடத்துக்கு முன்னால் வைத்துச் சாக்கை விலக்கினார். உள்ளே ஒரு கஞ்சில். பூனை அளவுதான் இருக்கும் அந்த மான். குச்சி குச்சியாகக் கால், முகத்தில் பாதி கண். பின்னங்காலால் கூடையைப் படபடவென்று தட்டிக்கொண்டிருந்தது. பிள்ளைகளெல்லாம் பெஞ்சுமேல் ஏறிவிட்டார்கள்.

"ஐயோ அண்ணே, இது என்ன?" என்றேன்.

"பொருத்தனைம்மா" என்றார். "அவள வீட்டுக்கு அனுப்பி வெச்சா, இந்தப் பண்டிகைக்கு உசிருள்ள ஒண்ணு உமக்குத் தாரேன்னு பஸ்ல வரப்போ ஆண்டவர்கிட்ட சொல்லிட்டேன். கோழி எல்லாம் சீக்குல போயிருச்சு. கடையில வாங்கவும் கூடாது. அதான் பெலுக்கார் ஓரமா கண்ணி வெச்சேன்."

பெலுக்கார் என்பது எங்கள் லயத்துக்குப் பின்னால் இருந்த புதர்க்காடு.

ஏலம் ஆரம்பித்தது. சேவலுக்குப் பிறகு கூடைக்கு முறை வந்தபோது, லாரி கொந்திராக்டர் ஒருவர் முந்திக்கொண்டு கையைத் தூக்கினார். நாக்கைச் சப்புக்கொட்டி, "கஞ்சில் கறி சாப்பிட்டு எம்புட்டு நாளாச்சு மச்சான்!" என்று பக்கத்து ஆளிடம் சொன்னார். அண்ணன் முகம் செத்துப்போச்சு. கொடுப்பதைப் பற்றியே நினைத்திருந்த மனுஷர், கொடுத்த பிறகு அது சட்டிக்குப் போகும் என்று யோசிக்கவே இல்லை.

அப்போதுதான் பொருளாளர் ஐயா எழுந்து கூடையைக் காட்டினார். "உதை ஏலத்திலை விடேலாது" என்றார். "காணிக்கையாகவே உதை எடுக்கேலாது. மாடு, ஆடு, புறா எண்டுதான் வேதத்திலை இருக்கு. மானைச் சாப்பிடலாம், பலிபீடத்துக்குக் கொண்டுவரேலாது. ஏனெண்டால் அது நீர் வளர்த்ததில்லை. காட்டிலை இருக்கிற சீவனெல்லாம் ஏற்கெனவே அவற்றை சொத்து. அவற்றை பொருளை எடுத்து அவருக்கே குடுக்கிறதோ?"

அவர் சொன்னதில் தப்பு இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. அண்ணன் கூடையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். "அப்ப எம் பொருத்தனை?" என்றார். "டாக்டர் இந்த வாரம் வரச் சொல்லியிருக்காருய்யா. நான் சொன்ன வார்த்தையைக் காப்பாத்தலன்னா அவள மறுபடியும் அங்கேயே வெச்சுக்குவாங்க. எனக்குத் தெரியும்."

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். "பார்ப்போம்..." என்று ஆரம்பித்தார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "என்னத்தைப் பார்க்கிறது? இந்த மனுசன் வேற எதைக் கொண்டு வருவாரு? அவர்கிட்ட இருக்கிறது அவர் சம்சாரம் ஒண்ணுதான். சட்டம் பேசுற நேரமா இது?" என்று கோயில் என்றும் பாராமல் கத்திவிட்டேன். சின்னப் பிள்ளை ஒன்று பயந்து அழுதது.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் அண்ணி எழுந்து வந்தார். யாரையும் பார்க்கவில்லை. கூடைக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து உள்ளே பார்த்தார். "பயப்படுது" என்றார். பிறகு, "வெளிய விடச் சொல்லுங்க" என்றார்.

வந்து இத்தனை நாளில் நாங்கள் கேட்ட பெரிய பேச்சு அதுதான். பொருளாளர் ஐயா அண்ணியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வேதத்தைத் திறந்து, நியாயப்பிரமாணப் பகுதியில் விரலை வைத்துத் தேட ஆரம்பித்தார். என்னடா இது, இன்னும் சட்டமா என்று எனக்குத் தோன்றியது. கண்டுபிடித்ததும் அவர் குரலே மாறியிருந்தது.

"ஒரு காணிக்கை இருக்கு" என்றார். "சீக்கு வந்து பாளையத்துக்கு வெளியிலை இருந்த ஆள் சுகமாகித் திரும்பி வரேக்கை குடுக்கிறது. ரெண்டு குருவி. வளர்த்த குருவி எண்டு சொல்லேல்லை, உயிரோடை இருக்கிற குருவி. ஒண்டைக் கொல்லுவினம். மற்றதை வெளியிலை உயிரோடை விட்டிடுவினம். விடுறதுதான் காணிக்கை."

"குஷ்டரோகிக்கு உள்ளதுதானே அது? அண்ணியை அப்படியா சொல்றீங்க?" என்று நான் மறுபடியும் பாய்ந்தேன்.

"இல்லைப் பிள்ளை" என்றார் பொறுமையாக. "அந்த ஆளை வெளியிலை வைச்சது சனம். திரும்ப உள்ளை சேர்க்க வேண்டியதும் சனம்தான். அதுக்குத்தான் அந்தக் குருவி." சொல்லிவிட்டு, ஆட்கள் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்த பெஞ்சுகளை ஒருமுறை பார்த்தார். பெண்கள் பக்கம் தலைகள் குனிந்தன.

கொந்திராக்டருக்கு மட்டும் ஆசை விடவில்லை. "அப்ப கொல்ல வேண்டிய அந்த இன்னொரு குருவிக்கு என்னய்யா பண்றது?" என்றார்.

"அது சிலுவையிலை முடிஞ்சுது" என்றார் ஐயா.

எல்லோருமாகக் கோயிலுக்குப் பின்னால் போனோம். கூடையை அண்ணனும் அண்ணியும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். வெயில் நன்றாக ஏறியிருந்தது. பெலுக்கார் ஓரத்தில் வைத்து, என் வீட்டுக்காரர் சின்னதாக ஒரு ஜெபம் பண்ணினார். அன்றைக்கு மட்டும் அவர் சுருக்கமாக ஜெபித்ததற்கு நான் ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். அண்ணி கூடையைச் சாய்த்தார்.

கஞ்சில் போகவில்லை. வெளியே வந்து புல்லில் நின்றுகொண்டு மூக்கை மட்டும் அசைத்தது. அது திரும்பிக் கூடைக்குள்ளேயே போய்விடுமோ என்று எனக்குப் பக்கென்று இருந்தது. அண்ணி மெதுவாக இரண்டு அடி பின்னால் வந்தார். அவரைப் பார்த்து நாங்கள் எல்லோரும் பின்னால் வந்தோம். அதற்குப் பிறகுதான் அது ஒரே தாவில் புதருக்குள் போனது.

பிள்ளைகள் கைதட்டினார்கள். அண்ணி புதரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பொருளாளர் ஐயா பக்கம் திரும்பி, "ஐயா, விட்ட குருவியத் திரும்பப் பிடிப்பாங்களா?" என்று கேட்டார்.

"இல்லைப் பிள்ளை. அப்பிடி எங்கையும் எழுதேல்லை" என்றார் ஐயா. "விட்டால் விட்டதுதான்."

அண்ணி தலையை ஆட்டினார். அன்று மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, கோயிலில் எப்போதும் தள்ளி உட்கார்கிற ஒரு அக்கா தன் குழந்தையோடு வந்து அண்ணியின் பாயில் உட்கார்ந்தார். அண்ணியின் இலையில் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினார்.

அந்த வாரமே டாக்டரிடம் போகவேண்டும். "நீங்களும் வாங்கம்மா, எனக்குப் பேச வராது" என்று அண்ணன் கெஞ்சினார். பஸ்ஸில் வழியெல்லாம் அண்ணன் வேர்த்துக்கொண்டே வந்தார். பொருத்தனை தீர்ந்த மாதிரிதானா, ஆண்டவர் ஏற்றுக்கொண்டாரா என்று திரும்பத் திரும்ப என்னைக் கேட்டார். "ஏத்துக்கிட்டாரு அண்ணே" என்று சொன்னேனே தவிர, எனக்கும் நிச்சயமில்லை.

டாக்டர் சீனர். நல்ல மனுஷர். எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்ற தமிழ் நர்ஸ் மூலமாக அண்ணியிடம் கேட்டார்: வீட்டிலேயே இருக்க விருப்பமா, இல்லை இங்கே வந்துவிடுகிறீர்களா? இதற்கு முன்னால் எத்தனையோ தடவை கேட்ட கேள்விதானாம். அண்ணி ஒரு தடவையும் பதில் சொன்னதில்லையாம். அண்ணன் நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அண்ணி நிமிர்ந்து டாக்டரை நேராகப் பார்த்தார். "என்னய விட்டாச்சு டாக்டர்" என்றார். "விட்டதத் திரும்பப் பிடிக்கக் கூடாது. வேதத்துல எழுதல."

நர்ஸ் தயங்கினாள். இதை எப்படிச் சொல்வது என்று என்னைப் பார்த்தாள். "அப்படியே சொல்லு லா, ஒரு வார்த்தை விடாம" என்றேன். அவள் மலாயில் சொன்னாள். டாக்டர் பேனாவை வைத்துவிட்டு அண்ணியைப் பார்த்தார். பிறகு சிரித்தார். மருந்து எழுதிக்கொடுத்து, மாதாமாதம் வந்து வாங்கிக்கொண்டு போங்கள், படுக்கை வேண்டாம் என்றார்.

வெளியே வந்ததும் அண்ணன் சுவரில் சாய்ந்துகொண்டு விக்கி விக்கி அழ ஆரம்பித்தார். போகிறவர் வருகிறவரெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவரைத்தான் அங்கே சேர்க்கக் கொண்டுவந்திருக்கிறோம் என்று நினைத்திருப்பார்கள். அண்ணி முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டார். கையைப் பிடித்துக்கொண்டார்.

"பஸ் வருது, வாங்க" என்றார்.