கடற்காகத்தின் முதுகிலிருந்த பெட்டி

மழைக்காலம் ஓய்ந்ததும் எங்கள் பறவை ஆய்வாளர் சங்கம் கரையோரக் கணக்கெடுப்பு நடத்தும். அந்த முறை தலவிலவுக்குத் தெற்கேயுள்ள கடற்கரை எனக்கும் சங்கத்தின் செயலாளருக்கும் விழுந்தது. அவர் சிங்களவர், ஓய்வுபெற்ற பேராசிரியை. நான் புத்தளத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கும் ஆசிரியை.

ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களில் குண்டு வெடித்த பிறகு, அபாயாவும் முதுகுப்பையுமாகத் தெரியாத ஊர்க் கரையில் நிற்பதென்றால் எனக்குப் பயம். செயலாளர் மேடம் பக்கத்தில் இருந்தால் தாங்கிக்கொள்வேன். அன்று அவர் மணல்திட்டின் மறுபக்கத்தைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போயிருந்தார்.

அலையோரத்தில் ஒரு கடற்காகம் சிறகடித்துக்கொண்டு கிடந்தது. நைலோன் நூல் இறக்கையைச் சுற்றி இறுகியிருந்தது. துணியால் போர்த்தித் தூக்கினேன். முதுகில் சின்னக் கறுப்புப் பெட்டியும் மெல்லிய கம்பியும். சங்கத்து இளைஞர் ஒருவர் மன்னாரில் பொருத்திய கருவி. அதை நேரில் கண்ட சந்தோஷத்தில், கரைவலை இழுக்கும் மீனவர்கள் என்னைச் சுற்றி நின்றதை நான் கவனிக்கவில்லை.

"என்ன அது?" என்றார் ஒருவர்.

"கடற்காகம். நூல்ல சிக்கியிருக்கு."

"பறவையக் கேக்கல்ல. முதுகில இருக்கிற பெட்டியக் கேக்கிறன்."

"பறவை எங்க போகுதெண்டு காட்டுற கருவி."

"ஆருக்குக் காட்டுற?"

பின்னாலிருந்து யாரோ சிங்களத்தில் 'குண்டு' என்றார். பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு விலகினார்கள். ஒருவர் ஃபோனை உயர்த்தி என் முகத்தைப் படம்பிடிக்கத் தொடங்கினார். அதுதான் மிகவும் பயங்கரமாக இருந்தது.

"பையக் கழட்டிக் கீழ வை!"

கழற்றுவதற்குக் கை வேண்டுமே. பறவையை விட்டால் தடயத்தை ஒழித்தேன் என்பார்கள். பிடித்திருந்தால் எதையோ மறைக்கிறேன் என்பார்கள். உள்ளங்கையில் அதன் நெஞ்சு படபடத்தது. எனக்கும் அப்படித்தான். அரபுக் கலிமாவைச் சத்தமாகச் சொன்னால் என்ன நினைப்பார்களோ என்று பயந்து மனதுக்குள் சொன்னேன்.

மேடம் மூட்டுவலியோடு மணலில் இழுத்து இழுத்து நடந்து வந்தார். யாரையும் அதட்டவில்லை. என் அருகில் ஈரமணலில் உட்கார்ந்து, "கத்தரிக்கோல் எங்கே?" என்று சிங்களத்தில் கேட்டார். என் முதுகுப்பையிலிருந்து அதை எடுத்து நூலை வெட்டிவிட்டு, மன்னார் இளைஞரை வீடியோ அழைப்பில் கூப்பிட்டார். அவர் திரையில் அந்தப் பறவை போன வழியைக் காட்டினார். இமயத்துக்கும் அப்பால், ரஷ்யாவின் வடகரை வரைக்கும் கோடு நீண்டது.

"இவ்வளவு தூரமா?" என்று முன்னால் நின்ற கிழவர் குனிந்து பார்த்தார். கூட்டம் கொஞ்சம் தளர்ந்தது. ஆனாலும் பொலிஸ் வந்தது. இறக்கையில் பெரிய காயமில்லை என்று பார்த்து, அவர்கள் முன்னிலையிலேயே பறவையை விட்டோம். பிறகு எங்களை நிலையத்துக்கு அழைத்துப் போனார்கள். கேள்விகள் முடிய மத்தியானமாகிவிட்டது. அதற்குள் சிலாபத்திலிருந்தும் கொழும்பிலிருந்தும் சங்கத்தார் வந்து வாசலில் இருந்த வாங்குப்பலகையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் எனக்குப் பாணும் பிளேன்டீயும் வாங்கி வைத்திருந்தார்.

வீட்டுக்கு வருமுன்பே வீடியோ பரவிவிட்டது. கீழே எழுதியிருந்தவற்றைப் பாதி வாசித்துவிட்டு ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன். சங்கத்தார் பலர் தங்கள் பெயரோடு, "இவர் எங்கள் உறுப்பினர், எங்கள் வேலையாகத்தான் போனார்" என்று எழுதினார்கள். மூத்தவர் ஒருவர் மட்டும் என்னிடம், "அபாயா இல்லாமப் போயிருக்கலாமே" என்றார். மேடம் அவரோடு பல மாதம் கதைக்கவில்லை.

வீடியோவை நீக்கிவிட்டார்கள். கரைவலைக்காரர் ஒருவர் மேடத்துக்கு ஃபோன் எடுத்து மன்னிப்பும் கேட்டார். ஆனாலும் அடுத்த கணக்கெடுப்புக்கு, வீட்டுக்குக் கிட்ட இருக்கிற களப்பு ஏரிக் கரையைத் தாருங்கள் என்றேன். ஏனென்று கேட்காமல் தந்தார்கள். அங்கேயும், பின்னால் காலடி கேட்டால் இரண்டு கையும் வெறுங்கையென்று தெரியும்படி விரித்துக்கொண்டுதான் திரும்புகிறேன்.