கை இல்லாத படங்கள்

பிள்ளைகளே, மெஷினுக்கு அப்பா நானே கையேடு தயாரித்ததாக உங்களிடம் பெருமையடித்தேன் அல்லவா? அதனால் நடந்ததைச் சொல்லவில்லை. பயம். இப்போதுதான் எழுதுகிறேன்.

எங்கள் ஓசூர் கம்பெனியில், பிளாஸ்டிக் மூடிகளை அச்சில் வார்க்கும் மெஷினுக்குத் தொடுதிரையோடு புது சாஃப்ட்வேர் வந்தது. எங்கள் லைனில் வேலை செய்பவர்களில் தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி பேசுபவர்கள் எல்லாம் உண்டு. எழுத்தைவிடப் படம்தான் எல்லோருக்கும் புரியும் என்று, ஒவ்வொரு வேலைக்கும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அமுக்க வேண்டிய இடத்தில் சிவப்பு வட்டம் போட்டு, மெஷினிலேயே ஒட்டினேன். இருபத்திரண்டு படம்.

"என்னாண்ணா, கல்யாண ஆல்பமா?" என்று சிரித்தது பேரிகை கிராமத்திலிருந்து வேலைக்கு வரும் பெண்.

போன மாதம் சாஃப்ட்வேரை மாற்றினார்கள். அச்சைத் திறக்கும் 'திற' பட்டன் இருந்த இடத்துக்கு 'மூடு' வந்துவிட்டது. என் படம் பழையபடியே இருந்தது. நான் கவனிக்கவில்லை.

அன்று அச்சுக்குள் ஒரு மூடி சிக்கியது. அந்தப் பெண் இடது கையை உள்ளே விட்டு மூடியைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் வட்டம் காட்டிய இடத்தை அமுக்கிவிட்டது. அச்சு மூட வந்தது. கையைக் கண்டால் நிறுத்தும் சென்சார் வேலை செய்ததால் பாதியில் நின்றது. இரண்டு விரல் இடைவெளிதான்.

ஓடினேன். கால் தரையில் பாவவே இல்லை.

"உங்க படத்துல இருக்கற எடத்துலதான்ணா அமுக்குனேன். தப்பா?"

"இல்லம்மா. தப்பு எம்மேலதான்."

"கை போயிருந்தா எங்கூட்டு தக்காளிய யாருண்ணா பறிக்கறது?"

அது சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சூப்பர்வைசர் வந்து பார்த்தார். "புதுசா படம் எடுத்து ஒட்டிடுங்க, முடிஞ்சுது" என்றார். அடுத்த முறை மாற்றினால்? படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாவற்றிலும் திரை மட்டும்தான். கை எங்கே இருக்க வேண்டும் என்று ஒன்றுகூடச் சொல்லவில்லை. படம் இருக்கிறதே என்று அதை நான் எழுதவும் இல்லை.

ஷிப்ட் முடிந்து எல்லோரும் பஸ் ஏறியதும், டிபன் பாக்ஸை மறந்துவிட்டதாகச் சொல்லி உள்ளே போனேன். மெஷின் ஓடாமல் இருந்தது. கோளாறு என்றால் சிவப்பாக வரும் எச்சரிக்கைத் திரையின் படத்தை மட்டும் விட்டேன். அந்தச் சிவப்புத் திரை எப்படி இருக்கும் என்று எழுத்தில் சொல்லிப் புரியவைக்க முடியாது. மற்றதெல்லாம் பிய்த்தேன். ஒரு தாளில், 'முதலில் கையை வெளியே எடு. பிறகு பட்டனின் பெயரைப் பார்த்து அமுக்கு' என்று தமிழில் எழுதி ஒட்டினேன். மற்ற மொழிக்காரர்கள் அவரவர் மொழியில் எழுதட்டும் என்று கீழே இடம் விட்டேன். பழைய டேப்பின் பசை போகவில்லை. போகும்வரை நகத்தால் சுரண்டினேன்.